சொன்னதை எழுதுகிறவள்

பார்வையற்ற மாணவர்கள் பரீட்சையில் வாயால் பதில் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தாளில் எழுதித் தருபவருக்கு ஸ்கிரைப் என்று பெயர். மொழி ஆசிரியையான அவள் பதினாறு வருஷம் அந்த வேலையைச் சும்மா செய்தாள். மாணவர்கள் அவளுக்குப் பேனாக்கா என்று பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததே போதும் என்று அவள் சொல்வாள். அப்படிச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு முனைவர் பட்ட ஆசை வந்தது. மாற்றுத்திறனாளிகளின் கல்வியை ஆராய, உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம். வயது வரம்பும் நாற்பத்தைந்துதான். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

"இத்தன வருஷமா ஊரார் பரீட்சைய எழுதின. இப்பவாவது உனக்குன்னு ஒண்ணு எழுதுறியே" என்றார் கணவர்.

ஸ்கிரைப் எழுதும் பதில் உண்மையில் யாருடையது என்பதுதான் அவளுடைய ஆய்வுப் பொருள். விண்ணப்பக் கட்டுரையை நான்கு பக்கத்துக்கு எழுதி, பழைய மாணவன் ஒருவனிடம் படித்துக் காட்டப் போனாள். அவன் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கருத்துக் கேட்கத்தான் போனேன் என்பாள். பாராட்டு வாங்கத்தான் போனாள்.

ஜன்னலில்லாத சின்ன அறை. மதியச் சாப்பாட்டு நேரம். அவன் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

"'சில ஸ்கிரைப்கள் மாணவரின் பதிலைத் தாமே திருத்திவிடுகிறார்கள்'னு எழுதியிருக்கீங்களே. அந்தச் சில பேரு யாருக்கா?"

"பொதுவா சொல்றதுதாம்பா."

"மேல்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதினோமே, ஞாபகம் இருக்கா? விலை ஏறினா சில பொருளுக்குத் தேவையும் கூடும்னு நான் சொன்னேன். நீங்க குறையும்னு எழுதிட்டீங்க."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. பையன் பதற்றத்தில் உளறுகிறான் என்று நினைத்தாள். பாவம், மார்க் போய்விடுமே என்று சத்தமில்லாமல் சரிசெய்தாள். பொருளாதாரத்தில் அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அவன் சொன்னதுதான் சரி.

"விடைத்தாள் நகல் வாங்கி எங்கக்காவ படிக்கச் சொன்னேன். ரெண்டு மார்க்ல சீட்டு போச்சு."

"ஏம்பா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"அடுத்த வருஷம் மறுபடி எழுதணுமே. நீங்க கோவிச்சுக்கிட்டா வேற யாரு வருவா?"

இரண்டாம் முறையும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த வேலைக்கு வந்துவிட்டான். பேச்சுக்கு நடுவில் போன் அடித்தது. அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாருக்கோ எலும்புப் பிரிவின் நேரத்தைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தவளுக்கு அவமானமாக இருந்தது. அவன் திட்டியிருந்தால் தேவலை. "சில ஸ்கிரைப்கள்" என்று பூசி மெழுகியதை அடித்துவிட்டு "நான் திருத்தினேன்" என்று எழுதினாள். என்ன திருத்தினாள், அதனால் என்ன போயிற்று என்பதையும் எழுதினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? சீட்டு கெடக்கட்டும், வேலைக்கே ஒல வெக்கிற" என்றார் கணவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவள் அப்படியே அனுப்பினாள்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"இது முறைகேடுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். பரீட்சை அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துட்டேன். ஸ்கிரைப் லிஸ்ட்லேருந்து என் பேர எடுத்துட்டாங்க."

"அப்ப ஆராய்ச்சிய எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

"அந்தப் பக்கத்துல இருக்கற மாணவர்கிட்டேருந்துதான். முதல்ல அவர் சம்மதிக்கணும்."

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது. அவள் இனிப்பு வாங்கவில்லை. நேராக அந்த ஜன்னலில்லாத அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான். சம்மதமும் சொன்னான்.

"ரெக்கார்டர் வேணாம்க்கா. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

அந்தப் பரீட்சை நாளிலிருந்து ஆரம்பித்தான். வருஷத்தைச் சொன்னான். ஒரு வருஷம் தப்பு. அவளுக்கு நன்றாகத் தெரியும். பேனா ஒரு கணம் நின்றது.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்பா" என்றாள். அவன் சொன்ன வருஷத்தையே எழுதியிருந்தாள்.