ரமாபாய் அக்காவின் 8087

ரமாபாய் அக்கா பதினோரு வருடமாக மணலியில் உர மூட்டை கட்டுகிறார். தூசியில் நெஞ்சு கெட்டுவிட்டது, பேசும்போதே இருமல் வரும். முப்பத்தைந்து வயதுக்குள் எழுத வேண்டிய கம்ப்யூட்டர் வேலைத் தேர்வு ஒன்று திருவொற்றியூரில் நடந்தது. அந்த மாதத்தோடு அவருக்கு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை மூட்டைதான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் கீழறையில் நாங்கள் பத்துப் பேர் அந்தத் தேர்வுக்குப் படித்தோம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். ஆளுக்கொரு வெப்சைட்டை, கன்டெய்னர் என்கிற மூடிய பெட்டிக்குள் வைத்து அதில் ஓட்டுவோம். பெட்டிக்குள் எல்லா சைட்டுக்கும் கதவு எண் 80 தான், அங்கே சண்டை வராது. ஆனால் வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே போக முடியாது. போர்ட் எனப்படும் கம்ப்யூட்டரின் வெளிக்கதவு எண் ஒன்றை உள்ளே இருக்கும் 80-உடன் இணைத்துவிட வேண்டும். அந்த வெளி எண்ணை இரண்டு பேர் பங்குபோட முடியாது. அதனால் நானே பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் பெயர் என்னுடையது. எட்டாவது ரமாபாய் அக்கா, 8087. ஆறு மாதம் தினமும் அவரவர் எண்ணையே அடித்தோம்.

தேர்வு முடிந்து அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஹெப்சி, பேஜு ஷோக்கா தொறந்துச்சி. இனிமே மூட்டைக்கி ஒரு கும்பிடு."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவருக்குப் பூஜ்யம். '8080-இல் பதில் இல்லை' என்று ஒரே வரி.

"நான் கண்ணால பாத்தேனே. ஓடிகினு இருந்துச்சே."

"இன்னா நம்பர் அடிச்சீங்கக்கா?"

"8087," என்றார் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கேள்வியில் வெளி எண் 8080 என்று இருந்தது. கை பழகிய எண்ணை அடித்துவிட்டது, திறந்து பார்த்ததும் அதே எண்ணில்தான். சைட் உள்ளே நன்றாகவே ஓடியது. திருத்தியது மனிதர் இல்லை, மெஷின். அது 8080-ஐ மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்வு நடத்தியவர்களுக்கு மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், அதுவும் மெஷின் போட்டதுதான்: முடிவை மாற்ற இயலாது.

"வுடு ஹெப்சி," என்றார் அக்கா. மீதியைச் சொல்ல இருமல் விடவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்கு மணலிக்குப் போனார்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. நான் அவரைவிடக் கெட்டிக்காரி இல்லை. புரியாததை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தேர்வில் நானும் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, கை பழகிய எண்ணைத்தான் அடித்தேன். சுவரில் என் பெயருக்கு நேரே நானே எழுதிக்கொண்ட எண் 8080.