ஐந்தையும் இரண்டையும் எழுதியவள்

வேதியியல் தேர்வுத் தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராண்ட் சார் கேட்டார்: “லேனி, இதெல்லாம் உன் மண்டையிலருந்து வந்துச்சா, பக்கத்து பேப்பர்லருந்து வந்துச்சா?”

வகுப்பு சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிராடியும் சிரித்தான். இருவர் தாளிலும் ஒரே விடைகள், ஒரே இடத்தில் ஒரே தப்பு. பிராடியின் அப்பா பள்ளியை நிர்வகிக்கும் வாரியத்தின் தலைவர். லேனி குசேராவின் அம்மா டார்லா, நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் முடி வெட்டுகிறவள். பூஜ்யம் லேனிக்கு மட்டும் விழுந்தது. அந்தப் பூஜ்யத்தால் வருடக் கடைசியில் அவளுக்கு ‘சி’, பிராடிக்கு ‘ஏ’ என்று ஆகப்போகிறது.

பூஜ்யம் விழுந்த வாரமே டார்லா பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டாள். ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணில் தலையிட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூடப் போயிருந்த லேனி வீட்டுக்குள் நுழைந்ததும், “அந்த ஆள விடமாட்டேன்மா” என்றாள்.

“என்னடி பண்ணுவ?”

“படிப்பேன்.”

நாடு முழுக்க ஒரே தாளாக நடக்கிற, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிற கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி. மே மாதம் வந்தது. அதைத் திருத்துகிறவர்கள் எங்கோ இருக்கிற முன்பின் தெரியாதவர்கள். அவர்களுக்கு ஸ்ட்ராண்டும் தெரியாது, வாரியத் தலைவரும் தெரியாது. லேனிக்கு வேதியியல் மேல் அப்போது ஆசையெல்லாம் இல்லை. ஒவ்வொரு கணக்கையும் அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டே போட்டாள். அவள் எழுதவேண்டியிருந்த இன்னொரு ஏ.பி. பாடம் வரலாறு; அந்தப் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை.

ஜூலையில் முடிவு வந்தபோது அவள் ஊர் நீச்சல் குளத்தில் நீந்துகிறவர்களைக் காக்கும் வேலையில் இருந்தாள். வேதியியலில் ஐந்துக்கு ஐந்து. வரலாற்றில் இரண்டு. அதே குளத்தில் வேலை பார்த்த பிராடி துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வேதியியல்ல எனக்கு ஒண்ணுடி. யார்கிட்டயும் சொல்லிடாத. அன்னிக்கு உன்னப் பாத்துத்தான் எழுதுனேன்.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“எங்கப்பா தோல உரிச்சிருப்பாரு.”

அவனை அப்படியே தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. தள்ளவில்லை. அவன் வெறும் கோழை. அவளுக்கு வேண்டியது வேறு ஆள்.

ஸ்ட்ராண்ட் நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல்லூரியில் படித்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லூரிப் பெயர் போட்ட அரக்கு நிற ஸ்வெட்டரோடு வருவார். “இந்த ஊர்லருந்து அங்க போனவன் நான் ஒருத்தன்தான்” என்பதை அவர் வாயால் கேட்காத மாணவன் அந்தப் பள்ளியில் கிடையாது. இலையுதிர் காலத்தில் கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கியதும் லேனி முதலில் அந்தக் கல்லூரியைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

ஏ.பி. மதிப்பெண்களில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது மாணவரின் விருப்பம். பள்ளியின் ஆலோசகர் டில்மன் மேடம் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கண்ணு, ரெண்டு வாங்குனத எவளாவது எழுதுவாளா? அத எடுத்துடு. இந்த அஞ்சையும் கொஞ்சம் யோசி. அதே பாடத்துல பள்ளிக்கூடத்துல ‘சி’ன்னு இருக்கு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒண்ணு, நீ வருஷம் பூரா சோம்பேறியா இருந்திருக்கணும். இல்லன்னா வாத்தியார் மேல தப்பு இருக்கணும்.”

“ரெண்டாவத நினைக்கட்டும் மேடம்.”

“அவங்க இங்க போன் பண்ணிக் கேப்பாங்கடி!”

“கேக்கட்டும். அதுக்குத்தான் எழுதறேன்.”

“அப்ப அந்த ரெண்ட எதுக்கு வச்சிருக்க?”

“நல்லத மட்டும் பொறுக்கிக் காட்டுறான்னு அவர் சொல்லக்கூடாதுல்ல?”

டார்லாவும் இரவுச் சாப்பாட்டில் புலம்பினாள். “அந்தாளு மேல இருக்கற கோவத்துல உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கற.” லேனி கேட்கவில்லை. இரண்டு மதிப்பெண்களையும் எழுதி அனுப்பினாள்.

ஜனவரியில் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. டில்மன் மேடம் ஸ்ட்ராண்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒலியைப் பெரிதாக வைத்துப் பேசச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: “இந்தப் பொண்ணுக்கு ‘சி’ போட்டிருக்கீங்களே சார், ஏன்?”

காப்பியடித்தாள் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அப்படிச் சொன்னால் ஐந்து எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும்; பிராடியின் பெயரும் வெளியே வரும். தான் படித்த கல்லூரிக்காரர்களிடம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “அந்த மார்க்கு அவ திறமைக்குப் போட்ட மார்க்கு இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்.”

டில்மன் மேடம் இதை நடைபாதையில் வைத்து லேனியிடம் சொன்னார். “அவர் காதெல்லாம் செவந்து போச்சு” என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். அவருக்கும் அந்த ஆளைப் பிடிக்காது என்பது லேனிக்கு அன்றுதான் தெரிந்தது.

மார்ச்சில் இடம் கிடைத்தது. தன் ஏ.பி. மதிப்பெண்ணை மறைத்து அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்த பிராடிக்குக் கிடைக்கவில்லை. லேனி ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து ஸ்ட்ராண்டின் வகுப்பறைக்குப் போனாள். அவர் அதே ஸ்வெட்டரில் சோதனைக்குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கேள்விப்பட்டேன். வாழ்த்துகள்” என்றார், திரும்பாமல்.

“நான் போகல சார். நம்ம மாநிலத்துலயே, லிங்கன்ல இருக்கற யுனிவர்சிட்டில சேந்துட்டேன்.”

இப்போது திரும்பினார். “போகலயா? அங்க எடம் கெடைக்காதான்னு எத்தன பேர் ஏங்கறாங்க தெரியுமா? போகாதவ எதுக்கு அப்ளை பண்ண?”

“அவங்க உங்களக் கேக்கணும்னுதான்.”

கையில் இருந்த குழாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார். அந்த முகத்தை அவள் அவசரமில்லாமல், வேண்டிய மட்டும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கல்லூரிக்கு மூட்டை கட்டும்போது டார்லா கேட்டாள். “அவ்ளோ பெரிய எடத்த வேணாம்னுட்டியே, ஒரு நாள் வருத்தப்பட மாட்ட?”

“படுவேனோ என்னவோ” என்றாள் லேனி. “ஆனா அன்னிக்கு அவர் மூஞ்சிய நீ பாக்கலியேம்மா.”

லிங்கனில் அந்த ஐந்து மதிப்பெண்ணைக் கொண்டு முதல் வருட வேதியியலைப் படிக்காமலே தாண்டி, நேரே இரண்டாம் வருடப் பாடத்தில் சேர்ந்தாள். அது கடினமாக இருந்தது. யார் மேலும் கோபமில்லாமல் படிப்பது எப்படி என்று அங்கேதான் அவள் பழக ஆரம்பித்தாள். அதற்கு நாள் பிடித்தது.