அறுந்து போக வேண்டிய வளையம்

என் வேலை மேசை இழுப்பறையில், ஊசி வைக்கும் டப்பாவுக்குள், ஒரு வெள்ளி வளையம் கிடக்கிறது. ஒரு மிளகு நுழையும் அளவுதான். ஒரு பக்கம் வாய் பிளந்து, கம்பி கோணி, இனி எதற்கும் உதவாது. வேறு யார் கண்ணில் பட்டாலும் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவார்கள். இதைச் செய்யச் சொன்னவர் என் கணவருக்கு மேலே இருந்த போர்மேன் சார். சொன்னபடி செய்யாமல் அவரை ஏமாற்றப் பார்த்தவள் நான்.

குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் பதினைந்து வருடமாக வெள்ளிக் கம்பியும் கிரிஸ்டல் மணியும் வைத்துக் கைச்சங்கிலி செய்துகொண்டிருக்கிறேன். கணவர் சுரங்கத்துக்கு ஷிப்டு போனதும் வேலையை விரித்தால், அவர் வரும் நேரத்துக்குத்தான் மடக்குவேன். பக்கத்து பிளாக்குகளில் என்னைத் தெரியாத பெண்கள் குறைவு. என் சங்கிலி அறுந்தது என்று ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வளையத்தையும் வெண்காரம் தடவி, ஊதுவிளக்கில் காட்டி, இணைப்பு எங்கே என்று நகத்துக்கே தெரியாதபடி பற்றவைத்துவிடுவேன்.

போர்மேன் சார் அதிகம் பேசாதவர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நிலத்தையும் பார்த்துக்கொண்டு சுரங்க வேலைக்கும் வந்துபோனவர். இடது கையில் மோதிர விரல் கிடையாது. ஏதோ மிஷினில் போனது என்று டவுன்ஷிப்பே நம்பிக்கொண்டிருந்தது, நானும்தான். தன் கீழே வேலை பார்ப்பவர்கள் மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எதோடும் உள்ளே போக விடமாட்டார். அது வேலை விதி, சரி. ஆனால் அவர் வீட்டிலும் அதே கெடுபிடி என்பார் என் கணவர். அவர் மனைவி கண்ணாடி வளையல் தவிரக் கையில் ஒன்றும் போட்டு நான் பார்த்ததில்லை. எவ்வளவு கஞ்சத்தனம் இருந்தால் இப்படி இருப்பார் என்று நானே நினைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, மகளுக்கு ஒரு கைச்சங்கிலி வேண்டும் என்றார். மகள் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகப்போகிறாள், தினமும் பஸ். சின்ன வயதிலிருந்து வெறும் கையோடு இருந்தவள், முதல் முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள். அவரால் மறுக்க முடியவில்லை. வெளிர்நீலத்தில் பட்டை தீட்டிய ஏழு மணிகளை அவரே பொறுக்கி வைத்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்.

"துப்பட்டாவுல மாட்டினா அறுந்துடக் கூடாது. பஸ்ஸுல மாட்டினா அறுந்துடணும்."

அதற்காகக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வளையத்தை மட்டும் இளக்கமாக விடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அறுந்து போவதற்கா நான் விடிய எழுந்து கம்பி இழுக்கிறேன்? ஆனால் கணவரின் மேலதிகாரி, வாயைத் திறக்க முடியுமா? தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் பொருமினேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த ஒரு வளையத்த மட்டும் கான்ட்ராக்டுல போடு, மத்ததெல்லாம் பெர்மனென்ட்டா இருக்கட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாள் வேலை செய்தேன். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளித் தகட்டில் பூ மாதிரி மூடி தட்டினேன். மணிக்கு ஒரு தனிக் கம்பி, கம்பியின் இரு முனையிலும் சுருள், சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் வளையம். அவர் சொன்ன வளையம் கொக்கிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதையும் மற்றவற்றைப் போலவே அழுத்தமாகப் பற்றவைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அவர் பார்த்தார். சங்கிலியை வாங்கியதும் பையிலிருந்து முந்திரி நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்தார். ஒரு முனையை என் ஜன்னல் கம்பியில் கட்டினார், மறு முனையைத் தராசில் மாட்டி இழுத்தார். முள் இரண்டு கிலோவைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது, எட்டில் போய் நின்றது. சங்கிலி அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு, வெட்கக்கேடு. அவர் கோபப்படவில்லை. சங்கிலியை அவிழ்த்து, துடைத்து, மேசையில் வைத்தார்.

"நல்லா இருக்குதும்மா. எம் பொண்ணுக்கு வாணாம்."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அறுந்து போகிறதுக்கு எதற்கு சார் ஒரு நகை என்று கேட்டேவிட்டேன். அவர் இடது கையை மேசைமேல் வைத்தார். அந்த விரல் மிஷினில் போகவில்லை. கல்யாணமான புதிதில், சுரங்க வேலை கிடைப்பதற்கு முன்னால், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன லாரியிலிருந்து குதித்திருக்கிறார். பக்கப் பலகையின் கொக்கியில் மோதிரம் மாட்டிக்கொண்டது. உடம்பு தரைக்கு வந்துவிட்டது, விரல் வரவில்லை.

"மாமனார் கெட்டியா போட்ட மோதிரம். அது அறுந்துருந்தா வெரலு இருந்துருக்கும்" என்றார். பிறகு, "மிஷினு எங்கயாவது சிக்கினா மோட்டார் போவக் கூடாதுன்னு, மொதல்ல ஒடையற மாதிரி நடுவுல ஒரு பின்னு வெக்கிறோம். அது போனா வேற பின்னு போட்டுக்கலாம்மா. கைய எங்க போயி வாங்கறது?" என்றார்.

அந்த வீட்டின் கண்ணாடி வளையல்கள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. எதிலாவது மாட்டினால் கண்ணாடி உடைந்து கையை விட்டுவிடும். கஞ்சத்தனம் என்று நினைத்த என் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

மறுநாள் தொடங்கியது நிஜமான வேலை. அறுந்து போகாமல் செய்வது சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது. சரியான இழுப்பில் விட்டுக்கொடுக்கிற வளையம் செய்வது இருக்கிறதே, உயிரை வாங்கிவிட்டது. கம்பி மெலிந்தால் துப்பட்டா இழுப்புக்கே வாயைப் பிளந்தது. கொஞ்சம் தடித்தால் ஐந்து கிலோவுக்கும் அசையவில்லை. பற்றவைக்காமல், வெறும் குறடால் முனைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாகத் தராசில் மாட்டிப் பார்த்தேன். நாற்பதுக்குமேல் வளையம் வீணானது. கடைசியில் ஒரு கம்பி மூன்று கிலோவில் ஒழுங்காகத் திறந்தது. அதே கம்பியில் இன்னொன்று, அதுவும் மூன்றில். அதைச் சங்கிலியில் மாட்டி இழுத்துத் திறந்தபோதும், மணிகள் தனித்தனிக் கம்பியில் இருந்ததால் எதுவும் சிதறவில்லை. போர்மேன் சார் வந்து தன் கையால் நாலைந்தை இழுத்துப் பார்த்து, அன்றுதான் முதல் முறையாக என் வீட்டில் காபி குடித்தார். போகும்போது, உபரியாகப் பத்து வளையம் வேண்டும் என்றார். ஒரு சங்கிலிக்குப் பத்தா என்று முறைத்துக்கொண்டேதான் செய்து கொடுத்தேன். ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப்போனார்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார். போன மாதம் அவர் மகள் வந்தாள். வலது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு, லேசாகத் தோல் வழன்றிருந்தது. கைக்குட்டையில் சங்கிலியை முடிந்து வைத்திருந்தாள். முத்தாண்டிக்குப்பம் ஸ்டாப்பில் இறங்கும்போது படிக் கம்பியின் கொக்கியில் மாட்டிக்கொண்டதாம். கையை விடுவிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. சொல்லும்போது மறு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டடி ஓடுனேன் ஆன்ட்டி. டக்குனு வுட்டுடுச்சி. சங்கிலி ரோட்டுல கெடந்துது, நான் நின்னுகினு இருந்தேன்."

கைக்குட்டையை என் மேசையில் வைத்தாள். சங்கிலியை விரித்துப் பார்த்தேன். ஏழு மணியும் இருந்தன, மூடிகள் நசுங்கவில்லை. கொக்கிக்குப் பக்கத்து வளையம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு சுருளில் தொங்கியது. அழுதேன், மறைப்பானேன். பதினைந்து வருடத்தில் என் கை வேலை அறுந்து திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

அவள் பையிலிருந்து அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாள். பத்தும் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து, குறடால் முனைகளைச் சேர்த்து, பற்றவைக்காமல் மாட்டிக் கொடுத்தேன். தராசில் இழுத்தும் காட்டினேன். மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவள் அப்பா பார்ப்பது போலவே.

பிறகு அவளை உட்காரச் சொல்லிவிட்டு அதே கம்பியை எடுத்தேன். அவளுக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. இன்னும் எத்தனை பஸ் ஏறி இறங்க வேண்டும்? டப்பாவில் மீதி ஒன்பது இருந்தன. அவற்றோடு இன்னும் பத்து செய்து போட்டு அனுப்பினேன். அந்த வாய் பிளந்ததை மட்டும் அவளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.