மிச்சத்திலிருந்து குட்மேய்ஸுக்கு, ஒரு குத்துச்சண்டைக்காரரோடு

தென் லண்டனில் மிச்சம் என்று ஓர் ஊர். ஆங்கிலப் பெயர்தான், நம்மவர் வாயில் மிச்சமாகிவிட்டது. அங்கே என் தங்கை வதனியின் வீட்டில் மட்டும் சாப்பாட்டில் மிச்சம் வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து லீவில் போயிருந்த நான், அந்தச் சனிக்கிழமை தேம்ஸ் நதியையும் பாலங்களையும் பார்ப்பதாக இருந்தேன். பார்த்தது வேறு.

மத்தியானம் பன்னிரண்டு மணி. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே மிலான். மாடி அறையில் ஏழு வருஷமாக வாடகைக்கு இருக்கும் சேர்பியர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பேச்சு மெல்லியது. நான் வந்த அன்று தங்கையின் கணவர் நேசன், "இவர் பொக்ஸர், மச்சாள். ஜேர்னிமேன்" என்று அறிமுகப்படுத்தினார். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், எனக்கா தெரியாது? ஜேர்னி என்றால் பயணம். "நானும் பயணிதான்!" என்று கைகொடுத்தேன். மிலான் சிரித்தார்.

"போதும், அக்கா" என்றார் இப்போது, தட்டின் மேல் கையை விரித்து. அவர் முதன்முதலில் கற்ற தமிழ்ச் சொல் அதுதான். வதனி அந்த விரல்களுக்கு இடையால் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"என்ன போதும்? வெறும் வயித்தோட போய் அடி வாங்கப் போறீரோ?"

நம் வீடுகளில் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். மூன்றாவது போதும்தான் உண்மையானது. அதையும் வதனி நம்புவதில்லை.

அன்று மாலை மிலானுக்குக் கடைசிச் சண்டை. செவ்வாய்க்கிழமை தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறார். வழமையாகக் கூடப் போகும் நேசனுக்குக் கடையை விட்டு நகர வழியில்லை. "எனக்கு ஏலாது மச்சாள். எங்கட வீட்டிலயிருந்து ஒராளாவது போகவேணும்" என்றார். இரத்தம் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். ஆனாலும் ஓம் என்றுவிட்டேன்.

பிற்பகல் இரண்டரை. மிச்சத்தில் 200ஆம் இலக்க பஸ். கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். கோலியர்ஸ் வுட்டில் இறங்கி, அங்கிருந்து நிலத்தடி ரயிலில் மூர்கேட் வரை ஏறக்குறைய அரை மணி நேரம். மிலானின் பையில் ஒரு சோடி சப்பாத்து, நீலக் கால்சட்டை, பல்லுக்கு மாட்டும் ரப்பர், வதனி கட்டிக் கொடுத்த வாழைப்பழம். அவரும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"ஜேர்னிமேன் என்றால் பயணி இல்லை, டீச்சர்" என்றார். "கூலிக்கு வருகிறவன். உள்ளூர்ப் பையன் ஒருவன் தன் சனத்துக்கு டிக்கெட் விற்பான். அவனுக்கு எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்."

"தோற்கச் சொல்லுவார்களா?"

"யாரும் சொல்ல மாட்டார்கள். வென்றால் அடுத்த கிழமை என் தொலைபேசி அடிக்காது. அவ்வளவுதான்."

"இதென்ன அநியாயம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பெட்டியில் இருந்தவர்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தங்கள் தொலைபேசிகளுக்குள் போனார்கள்.

நோவி சாட் நகரத்தில், டான்யூப் ஆற்றுக்கருகே, ஒரு நிலவறையில் பதினான்கு வயதில் பழகத் தொடங்கினாராம். அங்கே பதக்கமெல்லாம் வாங்கியவர். பட்டம் வெல்லும் கனவோடு லண்டன் வந்தார். முதல் தோல்விகள் உண்மையான தோல்விகள். பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின: செவ்வாய் அழைப்பார்கள், சனி சண்டை. லீட்ஸ், கார்டிஃப், கிளாஸ்கோ எல்லாம் போயிருக்கிறார். அங்கெல்லாம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "கார் நிறுத்துமிடம். உடை மாற்றும் அறை" என்றார். வாரநாட்களில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் வேலை. சண்டைக்காசு ஊரில் இருக்கும் மகள் யெலேனாவுக்கு. அவளுக்கு ஒன்பது வயது. தகப்பனின் சண்டைகளைத் தொலைபேசியில் பார்ப்பாள். ஒன்றில்கூட அவர் வென்று அவள் பார்த்ததில்லை.

"போன மாதம் கேட்டாள், அப்பா, உங்களுக்கு வெல்லத் தெரியாதா என்று. இன்றைக்கு எனக்கு எந்தத் தொலைபேசியும் அடிக்கத் தேவையில்லை. இன்றைக்கு வெல்வேன்."

கட்டாயம் வெல்லுவீர்கள் என்று சொன்னேன்.

மூர்கேட்டில் எலிசபெத் லைன் ரயிலுக்கு மாறி, நாலரை மணியளவில் குட்மேய்ஸ் வந்து சேர்ந்தோம். கிழக்கு லண்டன். தமிழ்ப் பலசரக்குக் கடைகள், கோயில் திருவிழா நோட்டீஸ், வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. மண்டபம் நடக்கிற தூரம்தான். சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மிலானுக்கு எதிராளி ரிஷாந்த். நம்முடைய பெடியன்!

உள்ளே பாதி மண்டபம் தமிழ்ச்சனம். சாமத்தியவீட்டுச் சடங்குக்கு வந்ததுபோல் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"நீங்கள் ரிஷாந்துக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"நான்... மற்றப் பக்கம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அவன்ர தாய். வரமாட்டன் எண்டுதான் நிண்டனான். பெடியன் விடேல்ல."

ஐந்தரைக்குச் சண்டை. நான்கு சுற்று; நடுவர் ஒருவரே புள்ளி போடுவார். நீல மூலையில் மிலான் ஏறியபோது யாரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன். முதல் சுற்றில் ரிஷாந்த் பறந்து பறந்து அடித்தான். சனம் கூரையைப் பிளந்தது. "அடியடா! விடாத!" இரண்டாம் சுற்று சரிசமம். மூன்றாவது மறுபடி பெடியனுக்கு. மிலான் இன்னும் பழைய மிலானாகத்தான் நிற்கிறார், தோற்றுப் பழகிய கை அப்படி லேசில் மாறாதோ என்று பயந்தேன்.

கடைசிச் சுற்றில் மாறியது. மிலான் ஓர் அடி முன்னுக்கு வந்தார். பெடியனின் விலாவில் இடது கையால் ஒன்று. மண்டபம் முழுக்கச் சத்தம் கேட்டது. ரிஷாந்தின் கைகள் தாழ்ந்தன. இன்னொன்று. பெடியன் கயிற்றில் சாய்ந்துவிட்டான். முகம் திறந்து கிடந்தது. மிலானின் வலது கை பின்னுக்குப் போனது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். யெலேனா, பார் பிள்ளை, பார்!

"போதும்! ஐயோ, போதும்!"

பக்கத்தில் தாய் கத்தினார். சனம் மூச்சுவிட மறந்திருந்த நேரம். அந்தக் குரல் தனியாகப் போனது.

மிலானின் கை நின்றது. ஒரு கணம்தான். அதற்குள் ரிஷாந்த் அவர்மேல் விழுந்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். நடுவர் பிரித்துவிடுவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. முப்பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டு. நடுவர் ரிஷாந்தின் கையைத் தூக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாயைத் திரும்பிப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஆறரை மணிக்கு உடை மாற்றும் அறை வாசலில் மிலானுக்காக நின்றேன். கண்ணுக்குக் கீழ் வீங்கி, பையோடு வந்தார். பின்னால் அந்தத் தாயும் வந்தார், கையில் ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு. பெடியனின் வெற்றிக்கு எல்லோருக்கும் கொடுக்கிறார். மிலானுக்கும் ஒன்றை நீட்டினார்; வாங்கியதும் இன்னொன்று; பிறகு மூன்றாவது.

"போதும், அம்மா" என்றார் மிலான்.

அந்தப் பெண்ணின் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. மிலானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவருக்குத் தமிழ் விளங்குமோ?"

"இந்த ஒரு சொல் நல்லா விளங்கும்" என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மிலானின் வீங்கிய கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். என் ஆத்திரமும் அங்கேயே கரைந்து போனது.

திரும்பும் ரயிலில் கேட்டேன், ஏன் நிறுத்தினீர்கள் என்று.

"நான் எங்கே நிறுத்தினேன்? கை தானாக நின்றது" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏழு வருஷமாக உங்கள் தங்கைக்கு இந்தச் சொல்லைச் சொல்கிறேன். ஒரு நாளாவது கேட்டாரா? கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

சிரிக்கத்தான் சொன்னார். சிரிக்க முயன்றேன், முடியவில்லை. மகளுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரே சொன்னார்: "வெல்லத் தெரியும் என்று சொல்வேன். அவள் நம்ப மாட்டாள்."

செவ்வாய்க்கிழமை அவர் போனார். அதற்கடுத்த கிழமை நானும் ஊர் திரும்பினேன். யாழ்ப்பாணத்தில் வெயில் அப்படியே இருந்தது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்த என் பழைய சிநேகிதி, இரண்டாம் கரண்டிக்குத் தட்டின் மேல் கையை விரித்து, "போதும்" என்றாள். நான் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அவள் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி," என்றாள் கடைசியில், "என்னோட ஏதும் கோவமோ?"