மருமகள் பெயரில் ஒட்டிய அம்புகள்

ஆட்களின் முகம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இருப்பதில்லை. கால் ஞாபகம் இருக்கும். யாராவது எதிரே வந்து நின்றால் என் தலை தானாகக் குனிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் மாப்பிள்ளை வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பைத்தான் பார்த்தேன். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. சாய்ந்து நடக்கிற ஆள் என்று தெரிந்துகொண்டேன். முகத்தைக் கல்யாணம் ஆகி நாலு நாள் கழித்துத்தான் சரியாகப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஆம்பூரில் கிடைத்த வேலையும் கீழே பார்க்கிற வேலையாகவே அமைந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஷூ கம்பெனியில் முதலில் டேபிள் வேலை. தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்ட வேண்டும். கடைசிப் பத்து வருடம் செக்கிங். செக்கிங்கில் உட்காருகிறவளுக்கு ஒரு அட்டை நிறையச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொடுப்பார்கள். ஒவ்வொரு அம்பும் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தையல் விட்டிருந்தாலோ, பசை வெளியே வந்திருந்தாலோ, இடது கால் தோலும் வலது கால் தோலும் நிறம் சேராமல் இருந்தாலோ, அந்த இடத்தில் அம்பை ஒட்டித் தள்ளிவிட வேண்டியதுதான். வாயைத் திறக்கத் தேவையே இல்லை. எனக்காகவே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு கைக்கு ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் மருமகள் தினமும் மூன்றரை மணிக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போவாள். போனை ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள். அதில் அவள் பெயரில் ஒரு பக்கம் இருந்தது. எல்லாரும் படம் போடுவார்கள், பார்த்தவர்கள் கீழே ஏதாவது எழுதுவார்கள். ஒருநாள் சும்மா எடுத்துத் தள்ளிக்கொண்டே போனேன். மருமகளின் அண்ணன் அமிர்தி அருவி முன்னால் புது ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே நாற்பது பேர் சூப்பர் என்று எழுதியிருக்கிறார்கள். இடது ஷூவில் விரல் பக்கம் இரண்டு தையல் விட்டுப் போயிருந்தது. நாற்பது பேரில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

எனக்குக் கை நமநமவென்றது. பேத்தி மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசுவதையும், பேசியது எழுத்தாக வந்து விழுவதையும் பார்த்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கைத் தொட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மருமகளின் அண்ணன் போன் செய்துவிட்டார். தங்கச்சி எப்போதிலிருந்து செருப்புக் கடை வைத்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். தெரியாமல் கை பட்டிருக்கும் என்று சொல்லி மருமகள் போனை வைத்தாள். நான் தலை நிமிராமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வழக்கத்தை விட ரொம்பப் பொடியாக வந்தது.

ஒரு வாரம் போன் பக்கமே போகவில்லை. அதற்கு மேல் முடியவில்லை. கல்யாண மாப்பிள்ளைகள், பிறந்தநாள் பிள்ளைகள் என்று ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றின் போன் பக்கத்தில் போய் விழுந்தேன். நான் வேலை பார்த்த கம்பெனி இல்லை, வேறு. வாராவாரம் புது மாடல் படம் போடுவார்கள். ஒவ்வொரு படமும் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும். என் பழைய டேபிளில் திரும்ப உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றரையிலிருந்து நாலு வரை எனக்கு ஷிப்ட். கண்ணில் பட்ட தப்பை எல்லாம் மைக்கில் சொல்லிவிடுவேன்.

இதே சமயத்தில்தான் மருமகள் வேலை தேடிக்கொண்டிருந்தாள். பி.காம் படித்தவள். பிள்ளை பிறந்து ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டாள். அந்த ஆறு வருடத்தைச் சொன்னதுமே போன இடங்களில் எல்லாம் முகம் மாறிவிடுமாம். இரண்டாவதாகப் போன கம்பெனியில் அவளுடைய போன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறார்கள். வளைகாப்பு, காதுகுத்து, நாத்தனார் மகள் மஞ்சள் நீராட்டு என்று வரிசையாகப் படம் இருந்தது. இத்தனை விசேஷத்துக்குப் போகிறவள் லீவு ஜாஸ்தி எடுப்பாளே என்றார்களாம்.

வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊட்டுக்குள்ள வந்து பீரோவ தொறந்து பாத்த மாதிரி இருந்துச்சு அத்தை."

உட்கார்ந்த இடத்திலேயே எல்லாப் படத்தையும் அழித்தாள். அவள் கல்யாணப் படமும் போயிற்று. என் பிள்ளை வேலையிலிருந்து வந்து, என் மூஞ்சியையும் சேர்த்து எதற்கு அழித்தாய் என்று சண்டைக்குப் போனான். வேலைக்குப் போகப்போவது நானா நீங்களா என்று கேட்டாள், அவன் அடங்கிவிட்டான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேஸ்திரி என் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு தோல் துண்டைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். அதோடு விட்டார் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டு அம்மா எங்கள் தெருவுக்கு வந்து நாலு வீட்டில் என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். அதனால் விசாரிப்பது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு நாலு வீட்டுக்காரர்களும் வந்து, உன்னைப் பற்றி இப்படிக் கேட்டார்கள், இப்படிச் சொன்னோம் என்று எனக்கும் சொல்லிவிட்டார்கள். போன் அதைச் சொல்வதில்லை.

மூன்றாவது இடமும் இல்லை என்றாயிற்று. நான்காவதாக ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இதுதான் கடைசி, இதுவும் இல்லையென்றால் சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதே நீலப் புடவையை நான்காவது முறையாக இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் திரும்பி வந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிற பெண்தான் அவர்களுடைய போன் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறாளாம். விண்ணப்பத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியிருக்கிறது. எங்கள் ஷூ படத்தின் கீழே தப்புக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டே இருப்பது நீங்களா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது மேடம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். மேனேஜர், திங்கட்கிழமை வாருங்கள், பத்து ஜோடி ஷூ வைக்கிறோம், எங்கள் முன்னால் தப்பைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"யாரு எழுதியிருப்பாங்கன்னே தெரியல. உங்களுக்கு எதுனா தெரியுமா அத்தை?"

"எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு, கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி எடுத்துக் கழுவப் போனேன்.

இரண்டு நாள் இதே யோசனை. சொல்லாவிட்டால் அந்த ஃபைல் என்னால் பரணுக்குப் போகும். சொன்னால் வெட்கத்தில் நான் பரணுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். எங்கே போகிறீர்கள் என்று மருமகள் கேட்பாள், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. பஸ் எட்டு மணிக்கு என்று மட்டும் சொன்னாள்.

மாதனூர் பஸ் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. மருமகள் ஒவ்வொரு பஸ்ஸையும் திருப்பம் வரைக்கும் பார்த்தாள்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆயா, கீரை குடுக்கறவங்க பின் கேட்டு."

"அவங்க இன்டர்வியூவுக்கு வந்திருக்காங்க" என்றாள் மருமகள்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பயத்தில் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

உள்ளே மேசை மேல் பத்து ஜோடி ஷூ, பக்கத்தில் ஒரு அட்டை அம்பு ஸ்டிக்கர். அந்த அட்டையைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. மருமகள் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்று, வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். ஆள் எடுக்கிற பெண்ணுக்கு ஹீல்ஸ் செருப்பு, அதில் ஒரு குறையும் இல்லை. மேனேஜருக்குக் கயிறு கட்டுகிற பிரவுன் ஷூ.

எழுதியது நான்தான் சார். இந்த மூன்று வார்த்தையைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். யார் இந்த அம்மா என்று மேனேஜர் கேட்டார். இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று திரும்பக் கேட்டார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இடது கால் பிரவுனில் கொஞ்சம் சிவப்பு ஓடியது, வலது காலில் ஓடவில்லை. இடது காலில் தோலின் வரி பொடியாக இருந்தது, வலது காலில் அகலமாக இருந்தது. இரண்டும் ஒரு ஜோடியே இல்லை.

வந்த வேலை மறந்துவிட்டது. மேசைக்குப் போனேன், அட்டையிலிருந்து ஒரு அம்பை உரித்தேன், குனிந்து அவருடைய இடது ஷூ மேல் ஒட்டிவிட்டுப் பழையபடி கதவோரம் வந்து நின்றுகொண்டேன்.

மேனேஜர் இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாம்பிள் ரூமிலிருந்து எடுத்த ஜோடியாம்.

"எட்டு மாசமா போட்டுனு சுத்தறேன். ஷூ வாங்க வர்ற பயருங்க முன்னாடி கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கேன்."

ஆள் எடுக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. அவருடைய ஷூவைப் பார்த்தே பேசினேன்.

"எழுதினது நான்தான் சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள பேஜார் பண்ணாதீங்க."

"தெரியாதா?" என்று அந்தப் பெண் திரும்பினாள். ஒருவர் எழுதியதைப் பிறகு திருத்தினால், முதலில் எழுதியதும் உள்ளே அப்படியே இருக்குமாம். அவள் அதையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள், இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள்.

முதலில் எழுதியது: "இன்னாடா இது, லெஃப்டு ஒரு மாடு, ரைட்டு ஒரு மாடு. ஜோடி சேத்தவன் தூங்கினு இருந்தானா."

ஒரு மணி நேரம் கழித்துத் திருத்தியது: "புது மாடல் அழகாக இருக்கிறது. இரண்டு காலுக்கும் தோலின் நிறம் மட்டும் சற்றுச் சேரவில்லை என்று தோன்றுகிறது."

அடுத்தது: "பசைய பூசுனியா, இல்ல இட்லிக்கு சட்னி ஊத்துனியா."

திருத்தியது: "ஓரத்தில் பசை சற்றுக் கூடிவிட்டது. கவனித்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்."

சட்னியை மேனேஜர் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். சாக்ஸ் காலோடு நின்றபடி மேசையைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குத் திருத்தவே தெரியாது. நான் நிமிர்ந்து மருமகளின் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை குனிந்திருந்தது அவள்தான். காது வரைக்கும் சிவந்து, சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எப்போலருந்து தெரியும் உனக்கு?"

"அமிர்தி போட்டோவுலருந்து அத்தை."

"அழிச்சிருக்கலாம் இல்ல."

"நீங்க பேசறதே கம்மி. அதையும் அழிக்கணுமா."

தன் கல்யாணப் படத்தை அழித்தவள் என் சட்னியை அழிக்கவில்லை. அதை நினைத்துக் கண் கலங்க நேரம் இல்லை, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பத்து ஜோடியையும் அவளைப் பார்க்க வைத்தார்கள். எட்டுத் தப்பு இருந்தது. ஐந்தில் அம்பு ஒட்டினாள். மற்ற மூன்றும் கதவோரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தன. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஐந்து போதாது என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"கண்ணு பழகிடும்மா" என்றார் மேனேஜர். "செக்கிங் பொண்ணு போய் ஒண்ணு சொன்னா லைன்ல தைக்கறவங்க எல்லாம் சண்டைக்கு நிக்கறாங்க. இப்டி பதமா சொல்றதுக்குதான் எனக்கு ஆள் இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் சீட்டுக் கொடுக்க மறந்து பின்னால் போய்விட்டார். கூப்பிட்டு வாங்கினோம். வேலை கேட்டு வருகிறவர்களின் போன் பக்கத்தைப் பார்க்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு கம்பெனியும் பார்த்தார்கள். ஒருத்தர் முடிவு செய்துவிட்டுக் கேட்டார்கள். ஒருத்தர் கேட்டுவிட்டு முடிவு செய்தார்கள். அந்தப் பக்கத்துக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறோம் என்பது உட்கார வைத்துக் கேட்டால்தானே தெரியும்.

வேலைக்குச் சேரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனியைப் பற்றி வெளியில் எதுவும் எழுதக் கூடாதாம். மருமகள் எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இது உண்டா என்று கேட்டாளாம். வீட்டில் இருக்கிறவர்கள் எங்கள் கைக்குள் இல்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். அன்றைக்கே கல்யாணப் படத்தை எல்லாம் திரும்ப ஏற்றினாள். என் பிள்ளை அதில் தன் முகத்தைப் பத்துத் தடவை பெரிதாக்கிப் பார்த்தான்.

இப்போது அவள் எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். மூன்றரைக்குப் பேத்தியைக் கூட்டிவரப் போவது நான். என் பிள்ளையின் பழைய போனில் எனக்கென்று ஒரு பக்கமும் திறந்து கொடுத்திருக்கிறாள். முகப் படம் வேண்டவே வேண்டாம் என்றேன். ரப்பர் செருப்பு போட்ட என் இரண்டு காலையும் படம் எடுத்துப் போட்டாள்.

மறுநாளே ஒருவர் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"உங்க மொதல் தோஸ்த் வந்துட்டாரு அத்தை" என்று போனை நீட்டினாள். மேனேஜர். கோட்டு போட்டு, டை கட்டி, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஷூவைத் தேடிப் படத்தைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.