மண்டையா, சுவரா?

பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து உள்ளதை மீட்டுத் தருபவர் காந்திபுரத்து மாடி ஒன்றில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நெற்றியில் ஆறு தையலோடு போனேன். தொண்ணூறுகளின் கடைசி. முந்தின நாள் பாகம் பிரிக்கும் சண்டையில், எங்கள் பம்புப் பட்டறைக் கம்ப்யூட்டரின் வெளி டிஸ்கை, செங்கல் கனமுள்ள அந்தப் பெட்டியை, அண்ணன் வயரோடு பிடுங்கி என்மேல் எறிந்தான். நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்பேனரால் அவன் மணிக்கட்டை உடைத்தேன். ரத்தத்தைக் கழுவும்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பம்பு வரைபடங்கள் எல்லாம் அதற்குள்தான். வேறு நகல் கிடையாது.

அவர் ஒல்லியான ஆள். தேங்காய் வாங்குகிறவர் போலப் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். மூலையில் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினார்.

"ஏனுங்க, இது மொதல்ல பட்டது உங்க மண்டைலீங்களா, செவுத்துலீங்களா?"

"மண்டையிலதாங்க."

"அப்பப் பொழச்சுக்குமுங்க," என்றார் நிம்மதியாக. "செவுறுன்னா போயிருக்கும்."

கரண்ட் வயரைச் செருகிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியின் விலாவில் ஓங்கி ஒரு போடு போட்டார். உள்ளே சிக்கியிருந்த தட்டு சுழலத் தொடங்கியது. மாலைக்குள் வரைபடங்கள் அத்தனையும் வேறு டிஸ்குக்கு வந்துவிட்டன.

"எறிஞ்சவரு எங்கீங்க?"

கீழே வேனில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனைக் காட்டினேன். இறங்கிப் போனவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவனைப் பளாரென்று அறைந்தார்.

"அடுத்த வாட்டி கல்லெடுத்து எறியுங்க. இது பாவமுங்க."

என் நெற்றியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிவிட்டார். அந்த அறை எனக்காகத்தான் விழுந்தது என்று இன்றுவரை நம்பிப் பார்க்கிறேன்; முடியவில்லை.