கஞ்சாச் செடிக்கு மோர்

மாப்பிள்ளையின் கஞ்சாச் செடிகளைக் கெடுத்தது நான்தான். பூச்சி அல்ல, பூஞ்சை அல்ல, கலிஃபோர்னியா வெயிலும் அல்ல. வேளாண் கல்லூரியில் பயிர் நோயியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் இதைக் கைப்பட எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு வெளியே தெரிந்தால் என்ன என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வருடக் கோடையில் நானும் மனைவியும் சன்னிவேலில் மகள் வீட்டில் இருந்தோம். மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று பிடிவாதம். வலி மாத்திரையோ வயிற்றுக்கு ஆகாது. மகள் வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, படிக்கு ஒரு முருகா சொல்லி, அவள் ஏறி முடிப்பதற்குள் கீழே நிற்கும் எனக்கு மூச்சு வாங்கும். ஏறிய பிறகும் தூக்கம் கிடையாது. வலி அவளைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

மாப்பிள்ளையோடு வேலை செய்யும் ஒருவருடைய அம்மா, கஞ்சாப் பூவைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை முழங்காலில் தடவிக்கொண்டு நடைப்பயிற்சி போகிறாராம். "அத்தை, கடையில வாங்கறதுல என்ன கலக்கறாங்கன்னே தெரியாது. நானே வளர்த்துக் காச்சித் தரேன்" என்று சொல்லி, நான்கு நாற்றுகளை வாங்கிவந்து கறுப்புத் துணித் தொட்டிகளில் நட்டு, பின்கட்டில் வேலியோரம் வெயிலில் வைத்தார்.

நான் நடுங்கிப்போனேன். "ஊருக்குத் தெரிஞ்சா என் பென்ஷனை நிறுத்திருவாங்க" என்றேன்.

மகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா, இங்க வீட்டுல நாலு செடி வளர்க்கிறது லீகல். நீங்க பேக்ல கறிவேப்பிலை கொண்டு வந்தீங்களே, அதுக்குத்தான் ஏர்போர்ட்ல பிடிப்பாங்க."

ஆகவே ஆரம்பத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஜன்னல் வழியாக மட்டும் பார்ப்பேன். விரல் விரித்த கைகளைப் போல இலைகள். நல்ல பச்சை. செடி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதே எனக்கு லேசான ஏமாற்றமாக இருந்தது. நோயில்லாத செடியிடம் எனக்குப் பேச விஷயம் கிடையாது.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை வந்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மாமா, அடி இலை ரெண்டு மூணு மஞ்சளாகுது. ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?"

பென்ஷனை மறந்தேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கண்ணாடி எப்போதும் என் பெட்டியில் இருக்கும். மனைவி அதை வைத்துத்தான் பருப்பில் கல் பொறுக்குவாள். இலையைத் திருப்பிப் பார்த்தேன், நரம்பைப் பார்த்தேன், தண்டைத் தடவிப் பார்த்தேன். "தழைச்சத்துக் குறைபாடு" என்றேன். "பழைய இலை முதல்ல வெளுக்கும். செடி அதுல இருக்கிற சத்தை உருவிப் புதுக் கொழுந்துக்கு அனுப்பும். பாடப்புத்தகத்துல இருக்கிற படம் மாதிரியே இருக்கு. புளிச்ச மோர் ஊத்தலாம். வீட்டுக் கறிவேப்பிலை அதுலதான் காடாட்டம் வளர்ந்துது."

"நெட்ல செடி வளர்க்கிறவங்க ஃபோரம்ல கேட்டேன் மாமா. ரெண்டு இலை போறது நார்மல், எதுவும் ஆட் பண்ணாம ஒரு வாரம் வெய்ட் பண்ணுங்கன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றது?"

"பேர் தெரியாது. ஒருத்தர் ப்ரொஃபைல்ல தவளைப் படம் வெச்சிருக்கார்."

ஒரு தவளைக்காக என் நோயறிதல் தள்ளிவைக்கப்பட்டது. அந்த அவமானம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தவளை சொன்னது சரி என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கும் ஓரளவு தெரியும்.

குளிர்பெட்டியில் ஒரு ஜாடி மோர் எப்போதும் இருக்கும். மிஞ்சும் தயிரை மனைவி கரைத்து வைத்துவிடுவாள். திங்கட்கிழமை காலை மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியதும், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, அதை நான்கு தொட்டிக்கும் பங்கு போட்டு ஊற்றினேன். வாசனை வராமல் இருக்க மேலே மண்ணைக் கிளறிவிட்டேன். தினமும் இதே வேலை.

ஜாடி காலியாவதை அவள் கவனிக்காமல் இருப்பாளா?

"ஏனுங்க, மோரு எங்கே போகுது?"

"நான்தான் குடிச்சேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புளிப்பு என்றாலே முகம் சுளிக்கிறவன் நான். கல்யாணமான நாளிலிருந்து மோரைத் தொட்டதில்லை. "இந்த ஊரு வந்துதான் உங்களுக்குப் புத்தி வந்துருக்குது" என்றாள். அன்று மாலை மகளிடம், "உங்கொப்பனுக்கு மோரு இழுக்குது கண்ணு, தயிரு இன்னொரு டப்பா சேத்து வாங்கிட்டு வா" என்று சொல்வது கேட்டது. மறுநாளிலிருந்து இரண்டு ஜாடி. வலிக்கிற காலோடு அடுப்படியில் நின்று எனக்காகக் கடைந்தாள். நான் அதைக் கொண்டுபோய் அவளுடைய மருந்தின் தலையிலேயே ஊற்றினேன்.

இரண்டு வாரத்தில் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. நுனி சுருண்டு, தொட்டால் அப்பளம்போல் உடைந்தது. மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. நான் உற்சாகமானேன்.

"சாம்பல்சத்துக் குறைபாடு" என்றேன். "ஓரம் கருகறது அதோட கையெழுத்து."

வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் சேர்ந்தது. மோரும் நிற்கவில்லை. நரம்புகளுக்கு நடுவே வெளுத்தபோது மக்னீசியம் என்றேன், கொழுந்து வெளிறியபோது இரும்பு என்றேன். என் மாணவன் எவனாவது இப்படி வாரம் ஒரு நோய் சொல்லியிருந்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். எல்லாச் சத்தும் ஒன்று மாற்றி ஒன்று குறைகிறது என்றால் வேரைப் பார் என்று எத்தனை வருடம் கத்தியிருக்கிறேன்! வேரைப் பார்க்க மண்ணைக் கிளறினால் மோர் நாறும். அதனால் பார்க்கவில்லை.

நான்கில் ஒன்று எலும்பும் தோலுமானது. அதைச் சுட்டிக்காட்டி, "இது வைரஸ். மத்ததுக்கும் ஒட்டும். தள்ளி வைங்க" என்றேன். தூக்கி எறிய மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே, சொட்டிக்கொண்டிருந்த குழாயடியில் கொண்டுபோய் வைத்தார். அதன் பிறகு யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில், மகளும் மாப்பிள்ளையும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு நாள், குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ள நான் அந்தச் சந்துக்குப் போனேன். செத்த செடி உயிரோடு நின்றது. கருகிய இலைகளுக்கு மேலே புதுக் கிளைகள், கொழுந்து, கொழுந்தின் நுனியில் வெள்ளைமயிர் போல முதல் பூ. அரை நாள் வெயில், சொட்டுத் தண்ணீர். இங்கே வந்தபின், மற்ற மூன்றுக்கும் கிடைத்து இதற்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: என் வைத்தியம்.

அந்த இடத்திலேயே உண்மை விளங்கிவிட்டது. அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருந்தால் மற்ற மூன்றும் ஒருவேளை பிழைத்திருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், செடித் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டின் நடுவில் வைத்து, "மாப்ளே, கொஞ்சம் வாங்க!" என்று குரல் கொடுத்தேன்.

"வாவ் மாமா! இது வைரஸ்னு சொன்னீங்களே! என்ன பண்ணீங்க?"

"மோர்" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. "உங்களுக்குத் தெரியாம ஊத்திட்டு வந்தேன்."

பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்தான பாதி.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சாரி மாமா. நான் ஃபோரம் பேச்சைக் கேட்டு உங்களை டவுட் பண்ணிட்டேன். மத்த மூணுக்கும் இதையே பண்ணிருவோம்." உள்ளே ஓடி இரண்டு ஜாடியையும் தூக்கி வந்தார். மோர் ஒன்றும் கெடுத்துவிடாது, அதிகம் போனால் உபயோகமில்லாமல் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். முதல் தொட்டி, இரண்டாவது, மூன்றாவது. தாராளமான கை அவருக்கு. "இதுக்கும் ஒரு பூஸ்டர் டோஸ்" என்று பிழைத்த செடியின் மேல் ஜாடியைச் சாய்க்கப் போனபோது, மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மாப்ளே, அது மாமா குடிக்கிற மோருங்க! செடிக்கா ஊத்தறீங்க? உப்புப் போட்டிருக்குதுங்களே!"

ஜாடி அப்படியே நின்றது.

"உப்பா?" என்றேன் நான்.

"பின்ன? நாள் பூரா வெயில்ல நிக்கறீங்களேன்னு உங்களுக்காக ஒரு கை சேத்தித்தான் போடறேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஏனுங்க, டெய்லி ரெண்டு ஜாடி குடிக்கிறவருக்கு உப்பு இருந்தது தெரியலீங்களா?"

என் பணிக்காலத்தில் எத்தனையோ கமிட்டிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கின்றன. இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை ஜாடியைப் பார்த்தார், கருகிய இலைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம், உப்பு ஏறியதாகவும் இருக்கலாம். முதலில் எதைச் சந்தேகிப்பாய் என்பது நான் வழக்கமாகத் தேர்வில் கேட்கும் கேள்வி.

எல்லாவற்றையும் சொன்னேன். சந்துக்குப் போன பிறகு குழாயடிச் செடிக்கு ஒரு சொட்டு மோரும் போகவில்லை என்பதையும் சேர்த்து. மேலே ஜன்னலருகே மீட்டிங்கில் இருந்த மகள், மைக்கை அணைக்க மறந்து சிரித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மாப்பிள்ளை ரப்பர் குழாயை இழுத்து வந்து, மூன்று தொட்டியையும் அடியில் தெளிந்த நீர் வரும்வரை அலசினார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். ஒன்று அந்த வாரமே போனது. மற்ற இரண்டும் உயிரை மட்டும் வைத்துக்கொண்டு, பூக்காமல் நின்றன.

அக்டோபரில் அந்த ஒற்றைச் செடியின் பூவை வெட்டிக் காயவைத்து, மாப்பிள்ளை தேங்காயெண்ணெயில் காய்ச்சினார். மூன்று பாட்டில் வரும் என்று கோடையில் கணக்குப் போட்டிருந்தார். ஊறுகாய் பாட்டில் ஒன்றில் முக்கால்வாசி வந்தது.

அதைத் தினமும் தடவிவிடும் வேலை எனக்கு விதிக்கப்பட்டது. விதித்தவள் மனைவி. ஒரு துளி சிந்தினாலும் "அது எம்பட முட்டிக்கு வந்ததுங்க, மண்ணுக்கில்ல" என்பாள். சில நாட்களில் அவள் விடியும்வரை அசையாமல் தூங்கினாள். ஒருநாள் மாடிப்படியில் கைப்பிடியை ஒற்றைக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, முருகனைப் பாதிப் படிகளுக்கு மட்டும் தொந்தரவு செய்து ஏறினாள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மீதி இரண்டு பாட்டிலும் கண்முன் வந்தது.

பாட்டிலின் அடி தெரிந்தபோது நாங்கள் ஊர் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. கடைசித் துளியை விரலால் வழித்துத் தடவினேன்.

"தீந்து போச்சு" என்றேன். "நான் மட்டும் சும்மா இருந்திருந்தா..."

"செரி, கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க" என்றாள்.

வந்து உட்கார்ந்தேன். ஒரு பெரிய டம்ளர் மோரை என் முன்னால் வைத்தாள். அன்று முதல் இன்று வரை, தினமும் ஒரு டம்ளர், அவள் கண்ணெதிரே குடிக்கிறேன். நன்றாகப் புளிக்கிறது. உப்பும் தூக்கலாகவே போடுகிறாள்.